வடிவு சுற்றிய சுருள்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள், அம்மா. காற்று முகத்தில் அடித்தால் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். பை இருக்கட்டும், கனமில்லை. உள்ளே ஒரே ஓர் அட்டைதான் இருக்கிறது. தபால் அட்டை அளவு. அது மடங்கிவிடக் கூடாது என்பதற்காக நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்திருக்கிறேன். சரிந்து உங்கள் மேல் பட்டால் சொல்லுங்கள்.

திசையன்விளையா நீங்கள்? நல்லது. அந்த ஊர்க்காரி ஒருத்தியோடுதான் எனக்கும் காரியம். ஒரு தப்பைத் திருத்தி வாங்க வேண்டும். ஒரே ஓர் எண். அதற்காகப் பாளையங்கோட்டையிலிருந்து இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர வேண்டுமா என்று கேட்பீர்கள். தப்பு தப்புதானே? பாலிடெக்னிக்கில் முப்பத்திரண்டு வருடம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் இருந்தவள் நான். ரெக்கார்டு நோட்டில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் பக்கம் முழுக்கத் திரும்ப எழுத வைப்பேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிஜப் பெயர் எஸ்தர். அவள் பெயர் சண்முகவடிவு. வடிவு என்போம். அதே பாலிடெக்னிக்கில் ஸ்டோர் பார்த்தாள். சீட்டு எழுதிக் கொடுத்தால் சாமானை எண்ணிக் கொடுப்பாள். பேச மாட்டாள். வாய் திக்கும். நடுவில் திக்குகிறவர்கள் உண்டு, இவளுக்கு முதல் எழுத்திலேயே நின்றுவிடும். தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். போன் என்றால் கேட்கவே வேண்டாம். "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு, லைன் கட்டாகிவிட்டது என்று அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். கட்டாகியிருக்காது. இவள் இங்கே முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

ஹாம் ரேடியோ கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பாட்டுப் போடுகிற ரேடியோ இல்லை. நம்மைப்போலச் சாதாரண ஜனங்கள் பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. மாடியில் துணி காயப்போடுகிற கொடி மாதிரி ஒரு கம்பி இழுத்துக் கட்டினால் போதும், கடல் தாண்டியும் பேசலாம். எங்கள் ஜில்லாவில் உரிமம் வைத்திருந்த பெண்கள் இரண்டே பேர். நானும் அவளும்.

வாய் திக்குகிறவளுக்கு ரேடியோ எதற்கு என்றுதானே பார்க்கிறீர்கள்? ஹாமில் வாயால்தான் பேச வேண்டும் என்பதில்லை. மோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. குட்டை ஒலி, நெட்டை ஒலி. டிட், டா. அந்தக் காலத்துத் தந்திபோல விரலால் தட்டுவது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவோம். பாலிடெக்னிக்கில் இருந்த பெரிய கருவியில் அவளும் நானும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். இரண்டே மாதத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். வாயில் நின்றதெல்லாம் விரலில் ஓடியது, அம்மா. அப்படி ஓர் ஓட்டம். ஒவ்வொருவர் தட்டுவதும் ஒரு மாதிரி இருக்கும், கையெழுத்துபோல. ஆயிரம் பேர் தட்டினாலும் வடிவு கை எது என்று நான் சொல்லிவிடுவேன்.

அதில் சிரிக்கவும் வழி உண்டு. நாலு குட்டை, சின்ன இடைவெளி, இரண்டு குட்டை. டிடிடிடிட், டிடிட். உலகத்தில் எந்த மூலை ஹாமும் அப்படித்தான் சிரிப்பான். ஒரு நாள் பிரின்சிபால் ஸ்டோருக்கு வந்து, "சாமான் எல்லாம் ஒழுங்கா பூட்டி வைக்கணும்" என்று அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணினார். வடிவு தலையைக் குனிந்தபடி மேசையில் ஸ்க்ரூடிரைவரால் தட்டிக்கொண்டே இருந்தாள். அவருக்கு அது ஏதோ பழக்கதோஷம். எனக்கு மட்டும்தான் புரிந்தது. "முதலில் அவர் பேன்ட் ஜிப்பைப் பூட்டச் சொல்" என்று தட்டினாள். கூடவே டிடிடிடிட், டிடிட். நான் இருமுவதுபோல வெளியே ஓடினேன்.

வாட்ஸப்பில் எழுதிக்கொள்ளலாமே என்று என் தம்பி பெண்டாட்டி கேட்கிறாள். எழுதலாம், அம்மா. எழுத்தில் கை தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கே வரை வந்திருக்கிறோம்? மூலைக்கரைப்பட்டி தாண்டவில்லையே? நேரம் இருக்கிறது.

வடிவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ரிட்டயர் ஆனதும் திசையன்விளையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு. எங்களிடம் கையில் பிடித்துப் பேசுகிற சின்னக் கருவிகள் உண்டு. அவை உள்ளூருக்கு மட்டும்தான். திசையன்விளை வரை எட்டாது. அதனால் இரண்டு பேரும் ஒரு தீர்மானம் பண்ணினோம். ஆளுக்கு ஒரு கிட் வரவழைப்பது. கிட் என்றால் ஒரு பை நிறைய உதிரி சாமானும், ஒரு போர்டும், எப்படிக் கட்டுவது என்ற தாளும். நாமே கோத்து நாமே பற்றவைக்க வேண்டும். முடித்தால் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. மோர்ஸ் மட்டும் போகும், வரும். அவள் ஊருக்குப் போன பிறகு தினம் காலை ஆறு மணிக்கு, அலைவரிசையில் ஓர் இடம் குறித்துக்கொண்டு, அவள் அங்கிருந்து, நான் இங்கிருந்து. சாகிற வரைக்கும் என்று பேச்சு.

முதலில் என்னுடையது. பிறகு அவளுடையது. சனிக்கிழமை தோறும் என் வீட்டுக்கு வருவாள். சுருள் சுற்றுவது அவள் வேலை. மோதிரம்போல ஒரு சின்ன வளையம், நடுவில் துளை. அதில் முடிபோன்ற செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். அவள் விரல் மெல்லிசு, எனக்கு அது வராது. அதில் எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கம்பி துளைக்குள் எத்தனை முறை நுழைகிறதோ அத்தனை சுற்று. வெளிப்பக்கத்தைப் பார்த்து எண்ணினால் ஒன்று பிசகும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் விழுவார்கள். அதை அவளுக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன். நூற்றியோராவது தரமும் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

ஈயம் வைத்துப் பற்றவைப்பது என் வேலை. என் வீட்டில் சால்டரிங் அயர்னை வேறொருத்தர் தொட நான் விடுவதில்லை. ஒரு தரம் கேட்டாள். "நா... நா..." என்று ஆரம்பித்தாள்.

"நானும் ஒண்ணு வைக்கட்டான்னு கேக்கியா? வேண்டாம்ட்டி. கை நடுங்கினா போர்டு போச்சு."

மேசையில் தட்டினாள். "நடுங்குவது வாய். கை இல்லை."

சிரித்தேன். ஆனாலும் கொடுக்கவில்லை. ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

கடைசிச் சனிக்கிழமை ஒரு சுருள்தான் பாக்கி. சின்ன டிரான்சிஸ்டரிலிருந்து பெரிய டிரான்சிஸ்டருக்கு சக்தியைக் கைமாற்றி விடுகிற சுருள். அதை அவள் சுற்றி முடிக்கும்போது கரண்ட் போய்விட்டது. அது வருவதற்குள் மணி நாலேமுக்கால் ஆகிவிட்டது. ஐந்து மணிக்கு எனக்கு சர்ச்சில் பாட்டு ஒத்திகை. அந்தக் கம்பிக்கு மேலே சிவப்பாக ஒரு பூச்சு இருக்கும், அம்மா. பற்றவைக்கிற முனையில் அதைச் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாவிட்டால் ஈயம் தொப்பி மாதிரி மேலே உட்கார்ந்துகொள்ளும், பார்க்க அழகாக இருக்கும், உள்ளே கரண்ட் போகாது. இதெல்லாம் பாலிடெக்னிக்கில் முதல் வருடப் பாடம். வடிவு உப்புத்தாள் துண்டு ஒன்றை என் பக்கம் நீட்டினாள். "தெரியும்ட்டி, எனக்கே பாடம் எடுக்காத" என்று சொல்லிவிட்டு, மளமளவென்று வைத்து முடித்து, புடவையை உதறிக்கொண்டு கிளம்பினேன். ஒத்திகைக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை. நேரம் தவறுவது எனக்குப் பிடிக்காது.

திங்கட்கிழமை கருவியைப் போட்டேன். கேட்பதெல்லாம் பிரமாதமாகக் கேட்டது. பர்மாக்காரன், ஜப்பான்காரன் எல்லோரும் வந்தார்கள். அனுப்பத்தான் முடியவில்லை. மோர்ஸ் தட்டுகிற கீயை அழுத்தினால் மீட்டரில் முள் அசையவே இல்லை. சுத்த பூஜ்யம்.

பதறவில்லை நான். மூன்று வாரம் பொறுமையாகப் பார்த்தேன். பேட்டரி பன்னிரண்டு வோல்ட், சரி. அலையை உண்டாக்குகிற பகுதி, சரி. சின்ன டிரான்சிஸ்டர், சரி. ஒவ்வோர் இடத்திலும் ஊசி வைத்து அளந்து, நோட்டில் தேதி போட்டு எழுதினேன். கடைசியில் பிடித்துவிட்டேன். அந்தச் சுருளின் இந்தப் பக்கம் சக்தி வந்து நிற்கிறது. அந்தப் பக்கம் ஒன்றும் போகவில்லை. அந்தக் கடைசிச் சுருள். அதைச் சுற்றியது யார்? வடிவு. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை எங்களுக்கு 'நெட்' உண்டு. சொன்னேனே கைக்கருவி, அதில் சுற்றுவட்டாரத்திலிருக்கிற பதினெட்டு பேரும் ஒரே இடத்தில் கூடுவது. ஒருவர் நடத்த வேண்டும், பெயர் கூப்பிட வேண்டும், இன்னார் பேசலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டும். பதினோரு வருடமாக நான்தான் நடத்தினேன். வடிவுக்காக அதில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டால் அவள் பேச வேண்டாம், பொத்தானை இரண்டு தரம் அழுத்தி விட்டால் போதும். டிக், டிக். வந்துவிட்டாள் என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானே யோசித்துச் செய்தது அது. இதையெல்லாம் இப்போது யார் நினைக்கிறார்கள்?

அந்த ஞாயிறு மேலப்பாளையம் காஜா மைதீன் கேட்டான். செல்போன் கடை வைத்திருக்கிறான், கெட்டிக்காரன். "டீச்சர், கிட்டு என்னாச்சு?"

"கிட் நல்லா இருக்கு. சுருள் சுத்துனவங்களுக்குத்தான் எண்ணத் தெரியல" என்றேன்.

"ஒரு சுத்து கூடிப்போனா பவர் குறையும் டீச்சர். ஒரேயடியா செத்துப்போகாதே."

பதினெட்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசுகிற பேச்சா அது? என் லேபில் படித்தவன் வேறு. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "சரி, சுத்துனவங்களையே கேட்டுருவோம். சண்முகவடிவு அவர்களே, உங்க பதில் என்ன? எத்தனை சுத்து சுத்துனீங்க?" என்றேன்.

டிக், டிக் என்றாள்.

"டிக் டிக் போதாது. பதில் சொல்லணும்" என்றேன்.

கைக்கருவியில் யாரும் பேசாதபோது இஸ் என்று ஓர் இரைச்சல் இருக்கும். ஒருவர் பொத்தானை அழுத்தினால் அது அடங்கிவிடும். அடங்கியது. அவள் அழுத்தியிருக்கிறாள். அவள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் கேட்டது. அப்புறம் "ப..." என்றாள். "ப... ப..."

பத்து என்று சொல்ல வந்திருக்கலாம். பதினொன்று என்று சொல்ல வந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? பதினேழு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நான் என் பொத்தானை அழுத்தினேன். இரண்டு பேர் ஒரே சமயத்தில் அழுத்தினால் பேச்சு வராது, கீச் என்று ஒரு சத்தம்தான் வரும். கீச் என்றது. அவள் விடவில்லை. நானும் விடவில்லை. நெட்டை நடத்துகிறவளுக்கு அந்த உரிமை உண்டு. கடைசியில் அவள் விட்டுவிட்டாள். "பதில் இல்லை. அடுத்த நிலையம்" என்று சொல்லி மேலே போனேன்.

அவளுக்கு வாய்ப்புக் கொடுத்தேன் அல்லவா? நீங்களே சொல்லுங்கள். கொடுக்காமல் முதுகுக்குப் பின்னால் பேசினேனா? எதிரிலேயே கேட்டேன், எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அதைவிட நேர்மை வேறென்ன?

மறுநாள் திங்கட்கிழமை வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வாட்டி என்றேன். வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "உ... உ..." என்றாள்.

நான் எப்போதும் அவளுக்குச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். உதவிதானே? கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா? "உன் பையா? உன் கிட்டு பை வேணுமா?" என்றேன். அவளுடைய சாமான் பை என் அலமாரியில்தான் இருந்தது. அவள் தலையை ஆட்டவில்லை. ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பையை எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். போய்விட்டாள்.

அவ்வளவுதான், அம்மா. முப்பத்தொரு வருடப் பழக்கம்.

அடுத்த ஞாயிறு பெயர் கூப்பிட்டேன். டிக் டிக் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தை பிறந்ததும் வீட்டைக் காலி பண்ணி ஊருக்குப் போய்விட்டாள். எனக்குச் சொன்னது அவள் சாமான் ஏற்றிய லாரி டிரைவர்.

நான் வேலையை விடவில்லை. அந்தச் சுருளைக் கழற்றினேன். நானே புதிதாக ஒன்று சுற்றினேன், விரல் வலிக்க வலிக்க. முனையைப் பளபளவென்று சுரண்டி, நிதானமாக, ஒத்திகை ஒன்றும் இல்லாத நாளில், உட்கார்ந்து பற்றவைத்தேன். கீயை அழுத்தினேன். முள் அப்படியே எழுந்து நின்றது. முழு ஐந்து வாட். ஆக, தப்பு எங்கே இருந்தது? சுருளில்தானே இருந்தது? சுருளை மாற்றினேன், சரியாகிவிட்டது.

பழைய சுருளைக் காஜாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் லேபில் படித்தவன் என் பேச்சை நம்பவில்லையே, பார்க்கட்டும் என்று. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, துளைக்குள் ஊசி விட்டு எண்ணினான்.

"பத்து இருக்கு டீச்சர். தாள்ல எத்தனை போட்டிருக்கு?"

"பத்து. கழட்டும்போது ஒண்ணு அவுந்திருக்கும். அதுல பதினொண்ணு இருந்துச்சு."

அவன் சுருளைத் திருப்பி, நான் முன்பு ஈயம் வைத்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். லென்ஸைக் கழற்றினான். என்னைப் பார்த்தான். பிறகு, "டீ சாப்பிடுறீங்களா டீச்சர்?" என்றான். ஒப்புக்கொண்டுவிட்டான் என்று அர்த்தம். வாயால் சொல்ல வெட்கம், அவ்வளவுதான். படியிறங்கும்போது கூப்பிட்டு, "வடிவக்காகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க டீச்சர்" என்றான். நான் எதற்கு? அவளல்லவா பேச வேண்டும்? இப்போது அவனும் ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் என்று நெட்டுக்கு வருவதில்லை.

கருவி சரியான மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு, குறித்துவைத்த இடத்தில், அவளைக் கூப்பிட்டேன். வாக்கு வாக்குதானே? கோபம் வேறு, வாக்கு வேறு. உரிமத்தோடு ஆளுக்கொரு குறியீடு கொடுப்பார்கள், அதுதான் எங்களுக்குப் பெயர். அவள் குறியீடு மூன்று தரம், என் குறியீடு ஒரு தரம். ஒரு நிமிடம் கேட்பேன். மறுபடி கூப்பிடுவேன். நாற்பத்தொரு நாள். நோட்டில் இருக்கிறது. பதிலே இல்லை. அவள் கிட்டைக் கட்டி முடித்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் இல்லாமல் யார் பற்றவைத்துக் கொடுப்பார்கள்?

நாற்பத்திரண்டாம் நாள் கொஞ்சம் தள்ளித் திருப்பிப் பார்த்தேன். அங்கே இருந்தாள்.

கையைக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. அந்த 'டா' கொஞ்சம் இழுபடும், பாட்டு முடிகிற மாதிரி. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தாள். "நானே கட்டிய கருவி, ஐந்து வாட், இதுவரை இருபத்தாறு பேரோடு பேசியாயிற்று" என்று தட்டினாள். அவர் ஏதோ கேலி சொன்னார். இவள் சிரித்தாள். டிடிடிடிட், டிடிட். கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன், அம்மா. ஒரு நாளும் சால்டரிங் அயர்னைத் தொட்டவள் இல்லை. யாரோ செய்து கொடுத்திருப்பார்கள்.

அவர்கள் முடித்ததும் நான் கூப்பிட்டேன். ஓர் எழுத்து பிசகியது, திருத்தி அனுப்பினேன். பிறகு வந்தாள்.

என்ன தட்டினாள் தெரியுமா? "அழைத்ததற்கு நன்றி. உங்கள் ஒலி ஐந்து ஒன்பது ஒன்பது. என் பெயர் வடிவு. ஊர் திசையன்விளை. உங்கள் பெயர் என்ன?"

உங்கள் பெயர் என்ன!

முன்பின் தெரியாதவர்கள் முதன்முதலில் பேசும்போது இப்படித்தான் தட்டுவார்கள். அதுதான் மரபு. ஒலி எப்படி, பெயர் என்ன, ஊர் என்ன. அவள் ஓர் எழுத்துக்கூடத் தவறவில்லை. ஐந்து ஒன்பது ஒன்பது என்றால் அப்பழுக்கில்லாத ஒலி. அன்றைக்கு இருந்த இரைச்சலில் என் ஒலி அப்படி இருந்திருக்கவே முடியாது. தெரியாதவர்களுக்கு மரியாதைக்காகக் கொடுக்கிற எண் அது. எனக்கு அவள் ஒரு நாளும் அதைக் கொடுத்ததில்லை. "எஸ்தரக்கா, மூணு மூணு மூணு, தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கு" என்றுதான் தட்டுவாள். உள்ளதைச் சொல்வாள்.

நான் என்ன செய்வது? மரபு என்றால் மரபு. "என் பெயர் எஸ்தர். ஊர் பாளையங்கோட்டை" என்று தட்டினேன்.

"நன்றி எஸ்தர். உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. வாழ்த்துகள்" என்று முடித்துக்கொண்டாள். அக்கா இல்லை. சிரிப்பு இல்லை. நான் மறுபடி கூப்பிட்டேன். ஏழு தரம் கூப்பிட்டேன். அங்கே ஆள் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் அட்டை வந்தது. இதுதான். விளிம்பைப் பிடித்துப் பாருங்கள். புதிதாகப் பேசியவர்கள் பேசியதற்கு அத்தாட்சியாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது. மேலே அவள் குறியீடு, கீழே என் குறியீடு. தேதி, ஒலி எண், கருவி, எல்லாம் அவள் கையெழுத்து. 'முதல் தொடர்புக்கு நன்றி.' அச்சடித்தது இல்லை, கையால் எழுதியிருக்கிறாள்.

நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவள் இஷ்டம். நேரத்தைப் பாருங்கள். 06.04 என்று இருக்கிறதா? அது தப்பு. இந்த அட்டையில் நம் ஊர் நேரத்தை எழுதக் கூடாது. உலகம் முழுக்க ஒரே கடிகாரத்தைத்தான் எழுத வேண்டும். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்து, 00.34 என்று போட வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனை அட்டை எழுதியிருப்பாள், ஒரு தரம்கூட அதில் பிசகியதில்லை. எனக்கு எழுதும்போது மட்டும் பிசகுகிறது! காலை ஆறு மணி என்று போட்டு அனுப்புகிறாள். கவனக்குறைவு. நேரம் தப்பான அட்டை செல்லாது, அம்மா. யாரும் ஏற்க மாட்டார்கள். திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்குத்தான் இந்த அலைச்சல். வேறொன்றும் இல்லை. தபாலில் அனுப்பலாம். போகிற வழியில் தொலைந்துபோனால்? இது ஒன்றுதானே இருக்கிறது.

இட்டமொழி ஸ்டாப் எப்போது போயிற்று? பேச்சில் கவனிக்கவே இல்லை. அதோ, ஜனங்கள் சாமானை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் ஊர்தான்.

ஒன்று செய்யுங்களேன். அவள் அண்ணன் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. பச்சைக் கேட். மாடியில் கம்பி கட்டியிருக்கும், கீழே நின்று பார்த்தாலே தெரியும். உங்களுக்கு வழிதானே? இந்த அட்டையைக் கொடுத்துவிடுங்கள். நோட்டோடு பிடியுங்கள், மடங்கிவிடும். நேரம் தப்பு, திருத்தி அனுப்பச் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். நான் பஸ்ஸில் இருந்தேன் என்றெல்லாம் சொல்ல வேண்டாம்.

அவள் ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள். முதல் எழுத்திலேயே நிற்கும். நீங்கள் வேறெங்கும் பார்க்காதீர்கள், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். பைதானே, அட்டைதானே என்று எதையாவது நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். ரொம்ப நேரம் ஆகும். வெயிலாக இருந்தாலும் நில்லுங்கள், அம்மா. அவள் முழுசாகச் சொல்லி முடிக்கிறவரைக்கும் நில்லுங்கள்.

இறங்குங்கள், இறங்குங்கள், கண்டக்டர் விசில் அடித்துவிடுவார்.

நானா? இல்லை. நான் இந்த ஊரைத் தாண்டி, உவரிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.